மஞ்சள் என்று எழுதிய நாட்கள்

மொட்டை மாடிக்கு ஏறும் கடைசிப் படியில் மதினி ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தாள். யார் ஏறி வந்தாலும் அதில் முழங்கை வரை கழுவிய பிறகுதான் உள்ளே விடுவாள். துண்டில் துடைக்கக் கூடாது, துண்டிலும் தூள் இருக்குமாம். ஈரக் கையை உதறிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும்.

"பீடி தொட்ட கையாட்டி?" என்று என்னிடமும் கேட்பாள். நான் பீடியை விட்டுத் தையல் கடைக்குப் போக ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பாள். முக்கூடலில் எங்கள் தெருவில் புகையிலைத் தூள் படாத கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தூள் ஒரு சிட்டிகை தண்ணீரில் விழுந்தால் போதும், மீன் செத்து மிதக்கும் என்பாள். "மனுஷிக்கே இந்தப் பாடு. மீனு எம்புட்டுட்டி தாங்கும்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள். இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றிய நெஞ்சு அது. நாலு படி ஏறினால் ஊதல் சத்தம் கேட்கும்.

அவள் எங்கள் பக்கத்து வீடு. சொந்தம் ஒன்றும் இல்லை, நான் வாழ வந்த நாளிலிருந்து மதினி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதில் ஏறிக் குதித்துப் போனாலும் விடமாட்டாள். சுற்றிக்கொண்டு வாளிக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும்.

மாடியில் அவள் வைத்திருந்தது இரண்டு பெரிய தொட்டிகள், அவற்றில் ஜிலேபிக் கெண்டை. மீன் கழிவு கலந்த தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் இழுத்து ஒரு நீல டிரம்மில் கொட்டும். டிரம்முக்குள் பழைய மீன்வலை, பீர்க்கங்காய் நார், சோடா மூடி எல்லாம் திணித்திருந்தாள். அதில் வடிந்து வரும் தண்ணீர் கருங்கல் ஜல்லி நிரப்பிய பாத்திகளுக்குப் போகும். மண் என்பதே கிடையாது. ஜல்லிக்கு நடுவே அரைக்கீரையும் புதினாவும் வல்லாரையும் தளதளவென்று நிற்கும். அங்கிருந்து தண்ணீர் திரும்பவும் மீனிடமே வந்துவிடும். சேரன்மகாதேவியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள், மீதியைச் செல்போனில் பார்த்தாள்.

"செடிக்குச் சாப்பாடு மீன் போடுது. மீனுக்குத் தண்ணிய செடி கழுவிக் குடுக்கு. நடுவுல இருந்து நான் எழுதுதேன், அம்புட்டுதான்."

அந்த அம்புட்டுதான் பெரிய பாடு. காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். பேனா ஆகாது, ஈரம் பட்டால் ஊறிவிடும். தண்ணீரின் சூடு எவ்வளவு, போட்ட தீவனம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை விரல் குறைந்தது, நிறம் என்ன. ஒரு சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டுவிட்டால் நிறம் மாறும். மஞ்சள் என்றால் நலம். பச்சை என்றால் மீனின் கழிவு நஞ்சாகித் தண்ணீரில் ஏறுகிறது என்று அர்த்தம். ஒரு நிற அட்டை வைத்திருந்தாள், அதில் பச்சையே ஐந்து வகை. குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்க மாட்டாள். ஒற்றைக் கோடு போட்டு மேலே சரியாக எழுதுவாள், பக்கத்தில் கையெழுத்தும் போடுவாள்.

நிறத்தோடு நின்றாளா என்றால் அதுவும் இல்லை. மழை பத்து நிமிஷம் என்று இருக்கும். இரண்டாம் தொட்டியில் காக்கா குளித்தது என்று இருக்கும். ஒருநாள் சும்மா சீண்டிப் பார்க்கலாம் என்று, "எம் பேரும் இருக்கா மதினி அதுல?" என்றேன்.

"இருக்கு. செவ்வாக்கெழம பாத்திக்கு மேல நின்னு தும்முன" என்றாள். சிரிக்கவில்லை. புரட்டிக் காட்டவும் செய்தாள்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை அவளே சொன்னாள். பீடி சுற்றிய காலத்தில், அவள் கொண்டுபோய்க் கொடுத்த கட்டு ஒன்றைக் கொடுக்கவே இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவள் அழுது பார்த்திருக்கிறாள், சத்தியம் செய்திருக்கிறாள். பீடிக் கணக்கு எழுதும் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்களாம். எழுதியிருக்கவில்லை. "அன்னைக்கு முடிவு பண்ணேன்ட்டி. இனி வாயால ஒண்ணும் சொல்லக் கூடாது, எழுதிக் காட்டணும்னு." அதிலிருந்து நோட்டில் இருப்பதுதான் அவளுக்கு நடந்தது.

அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பீடி அட்டைதான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், புகையிலை வாசமே இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மகள் சுற்றினாள். காலை ஐந்து மணிக்குப் பீடித் தட்டை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் எட்டு மணி வரை சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவாள். அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிச் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பாள். சுற்றியது அத்தனையும் அம்மா பெயரில் அட்டையில் ஏறும்.

"அவ சுத்துதா, எம் பேருல எழுதுதாங்க. நான் கையெழுத்துப் போடுதேன். வாரா வாரம் பொய்க் கையெழுத்துட்டி" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில், பொங்கல் கழிந்ததும் தினமும் கீரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது நிலைத்துவிட்டால் தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம். பரீட்சைக்கு முன்னால் மகள் மடியிலிருந்து அந்தத் தட்டு இறங்க வேண்டும். மதினிக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மகள் ஆட்டோ கூட்டிவந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனாள். ஆட்டோவில் சாய்ந்துகொண்டே மதினி நோட்டை என் கையில் திணித்தாள். பேச முடியவில்லை. மேலே கையைக் காட்டினாள், எழுதுவது போல விரலை அசைத்தாள். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு ஒழுங்காக எல்லாம் செய்தேன். கை கழுவி, தீவனம் போட்டு, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் என்று எழுதினேன். திங்கட்கிழமை தெருவே பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டை முடித்துவிட்டு மேலே போனேன். போனவள் பேசாமல் இருந்திருக்கலாம். நீல டிரம்மின் மூடியைத் திறந்தேன். உள்ளே வலையும் நாரும் பழுப்பேறி, வழுவழுவென்று, கையில் ஒட்டுகிற மாதிரி. குப்பென்று சேற்று வாடை. சீக்காளி வீடு, நாள் கிழமைக்கு இப்படியா கிடப்பது என்று நினைத்தேன். அன்று தெருக் குழாயில் தண்ணீர் வரும் முறை. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாடை போகும்வரை நாலு தண்ணீர் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்ப அடுக்கினேன். வலை கடையில் வாங்கியது போல வெள்ளையாக இருந்தது. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

அவளுடைய நோட்டில் டிரம் கழுவுவதற்கென்று இடம் எதுவும் இல்லை. அதனால் எழுதவில்லை.

புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் படி ஏறக் கூடாது, மனசு பதறும்படி எதுவும் காதில் விழக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் மாடி என் பொறுப்பாகவே தொடர்ந்தது. நான் காலையில் எழுதி, நோட்டைக் கொண்டுவந்து அவள் கட்டிலில் வைப்பேன். அவள் படுத்தபடியே படிப்பாள்.

வியாழக்கிழமை சோதனைக் குழாயில் நிறம் ஒரு மாதிரி இருந்தது. மஞ்சள் என்றும் சொல்லலாம், பச்சை என்றும் சொல்லலாம். மஞ்சள் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை சந்தேகத்துக்கு இடமில்லை, அட்டையில் மூன்றாவது பச்சை. பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் நோயில் கிடப்பவர்களிடம் கெட்டதைச் சொல்லும் வழக்கம் இல்லை. கூடப் பிறந்தவர் செத்தால்கூடப் பத்து நாள் மூடி வைத்து, உடம்பு தேறின பிறகுதான் சொல்வோம். அப்படித்தான் நானும் வளர்ந்தேன். அவள் ஊதல் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. மஞ்சள் என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

நோட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. "நல்லா இருக்குட்டி. நான் இல்லன்னு கொறச்சுப் போட்டிருப்ப, பாவம். இன்னையிலேர்ந்து ஒரு கை கூடப் போடு" என்றாள்.

போட்டேன். நஞ்சேறிய தண்ணீரில் இன்னும் ஒரு கைத் தீவனம். அது எவ்வளவு பெரிய கொலை என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. கீழே வந்ததும், "என்ன செய்யுது எம் மீன் பிள்ளைய?" என்று கேட்டாள்.

"மேல வந்து வெளையாடுது மதினி."

அவள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "மேல வருதா? வாயத் தொறக்கா?"

"அய்ய, அப்படில்லாம் இல்ல. சும்மா வந்து வந்து போவுது. படுங்க நீங்க."

"நெறம் என்ன?"

"மஞ்சதான். இந்தா, எழுதியிருக்கேன் பாருங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் மனசு ஒன்று சொன்னது, நோட்டு ஒன்று சொன்னது. நோட்டை நம்பித் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதி மீன் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. இனி மறைக்க முடியாது. நான் கூப்பிட்ட குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மகள் பின்னால் தாங்கிக்கொள்ள, படிகளில் கையை ஊன்றித் தவழ்ந்தே மேலே வந்தாள். வந்தவள் வாளியில் கையைக் கழுவினாள். குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டுவிட்டாள். கீரையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி பச்சை.

"தண்ணி மாத்தணும்" என்றாள்.

அன்று குழாய்த் தண்ணீர் முறை இல்லை. நானும் மகளும் குடம் குடமாகத் தாமிரபரணியிலிருந்து சுமந்தோம். அவளால் குடத்தைத் தூக்க முடியவில்லை. சொம்பால் கோரிக் கோரித் தொட்டியில் ஊற்றினாள். ஒவ்வொரு சொம்புக்கும் நடுவே தொட்டி விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சுக்காகக் காத்திருந்தாள். மத்தியானம் ஏழு மீன் உயிரோடு இருந்தது. சாயங்காலம் அதுவும் இல்லை. செத்ததை எண்ணி எழுதிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

பொங்கல் வந்தது, போனது. மீன் இல்லாத தண்ணீரில் கீரை வெளுத்துச் சாய்ந்தது. மெஸ்ஸில் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். மகள் இப்போது நாலு மணிக்கே தட்டோடு உட்கார்ந்தாள். மதினி கட்டிலில் கிடந்து நோட்டைப் படித்தாள். வேறு வேலையே இல்லை. அந்த வாரத்துப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பிறகு சாவு. "ஒரே ராத்திரியில எப்படிட்டி ஏறும்? ஏறவே ஏறாதே" என்று என்னிடமே கேட்பாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருப்பேன். ஆறின கஞ்சியை.

ஒருநாள் மகளைப் பிடித்துக்கொண்டு மேலே போய் டிரம்மைத் திறந்தாள். வலை வெளுத்துக் கிடந்தது. அந்த வழுவழுப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்து நஞ்சை முறித்து உரமாக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவற்றை அவள் வேலைக்காரர்கள் என்று சொன்னாள். "வேலக்காரங்க பூரா செத்துட்டாங்க. மீனும் செத்து இவங்களும் செத்தா அது ஒண்ணுதான். தூளு." மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். "சனிக்கெழம கீர பறிக்க ஏறுனல்லா?"

"கை கழுவிட்டுத்தாம்மா ஏறுனேன்."

"தட்டுலேர்ந்து எந்திச்சு நேர வந்த."

"கழுவுனேம்மா. சத்தியமா."

சத்தியத்தை எல்லாம் நம்புகிறவளா அவள். அன்று நோட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு நேராக எழுதினாள்: மகள், பீடிக் கை.

நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இந்த ஒரு இடத்தை எழுதும்போதுதான் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

நாலு நாள் கழித்து அந்தப் பிள்ளை என்னிடம் வந்தது. "அத்த, எனக்குக் கழுவுன ஞாவகம் இருக்கு. தண்ணி குளுந்துச்சு, அதுகூட ஞாவகம் இருக்கு. ஆனா அம்மா எழுதிட்டாளே. ஒருவேள நான் கழுவலையோ?" என்றாள். பிறகு, பரீட்சைக்குப் போகப் போவதில்லை, முழு நாளும் பீடி சுற்றப் போகிறேன் என்றாள். "நான்தான கெடுத்தேன். அப்ப நான்தான சுத்தணும்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் மதினியின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிளீச்சிங் பவுடர், மூன்றாவது பச்சை, வாயைத் திறந்த மீன்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஊதல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம மூணாவது பச்சையா?"

"ஆமா மதினி."

"அன்னைக்குத் தீவனத்த நிப்பாட்டி, பாதித் தண்ணிய மாத்திருந்தா பொழச்சிருக்கும்." கண்ணைத் திறந்து, "நான் ஒரு கை கூடப் போடச் சொன்னேன்" என்றாள்.

அவள் திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் போயிருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. நான் நோட்டை எடுத்து, அவள் செய்கிற மாதிரியே என் மஞ்சளை ஒற்றைக் கோட்டால் அடிக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"வேண்டாம்."

"பொய்யில்லையா மதினி இது?"

"தெரியுது. நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்ட்டி. டாக்டரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நீயும் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். நான் போன பெறவு இவ எங்கன போவா? திருப்பூருக்கா? ஒன் வீட்டுக்குத்தான் வரணும். இத வாசிச்சா, ஒன் கையால எப்படிட்டி சோறு திம்பா?"

பென்சிலை என் கையிலிருந்து வாங்கினாள். மகள், பீடிக் கை என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். அதற்கு மேலே, சோதனை மருந்து பழசு, நிறம் தப்பாகக் காட்டியது என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த மருந்து வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். பிள்ளை வாசித்தது. திரும்பவும் வாசித்தது. "அப்ப நான் கழுவியிருக்கேன்" என்று அம்மா மடியில் விழுந்து அழுதது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே மதினி என்னைப் பார்த்தாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அந்தப் பார்வையில் அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"நாளையிலேர்ந்து பீடிய அத்த சுத்துவா. நீ படி" என்று மகளிடம் சொன்னாள். நான் சுற்றினேன். பிள்ளை எல்லாப் பரீட்சையும் எழுதியது. முடிவு வருவதற்கு முன்னாலேயே, சித்திரையில், மதினி போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. இன்று மத்தியானமும் என் கையால்தான் சாப்பிட்டது.